காஞ்சிக்குப் போனோம், பல்லைக் காட்ட!

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் இரண்டே ரகம். காமாட்சியம்மனைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு ரகம். கல்யாணப் புடவை பார்க்க வருகிறவர்கள் இன்னொரு ரகம். (முதல் ரகம் தரிசனம் முடிந்த கையோடு இரண்டாவது ரகமாக மாறிவிடுவதும் உண்டு. பர்ஸ்தான் பாவம்!) மூன்றாவதாக ஒரு ரகம் இருப்பது போன மாசம்தான் எனக்குத் தெரிந்தது. பல்லைப் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்கள்!

பல் என்னுடையது இல்லை. முசரவாக்கத்துப் பெரியப்பாவுடையது.

முசரவாக்கம், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமம். காஞ்சி பஸ் ஸ்டாண்டில் கிராமத்துப் பஸ் பிடித்தால், ஜன்னலோர ஸீட்டில் தூக்கம் வருவதற்குள் ஊர் வந்துவிடும். பல்வலிக்காரர் யாராவது "முசரவாக்கம் ஒரு டிக்கெட்" என்று கேட்டுப் பாருங்கள். கண்டக்டருக்கு வேறு ஏதோ ஊர் பெயர் காதில் விழும். பெரியப்பாவுக்கும் அதுதான் ஆச்சு. வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல் ஆட ஆரம்பித்து, கன்னம் வீங்கி, "முசரவாக்கம்" என்பது அவர் வாயில் "முழவாழ்க்கம்" ஆகியிருந்தது.

பெரியம்மாவிடமிருந்து போன். "கிராம்பு வெச்சாச்சு, உப்புத் தண்ணி கொப்புளிச்சாச்சு. மனுஷன் ராத்திரி பூரா உறுமறாருடா. நீ வந்து கூட்டிட்டுப் போ."

போனேன். வீட்டு முன்னறையில் இன்னும் தறி இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் அதில் கால் மிதித்தவர் பெரியப்பா. முட்டி கெட்டுப் போய் இப்போது நெய்வதில்லை. ஆனால் யாராவது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தால் போச்சு. வந்தவள் முகத்தைப் பார்க்க மாட்டார், முந்தானையைத்தான் பார்ப்பார்.

"இங்க பாருடா. பட்டு நூலை நெருப்புல காட்டினா தலைமுடி கருகுற வாசனை வரணும். சாம்பல் விரல்ல பொடியாவணும். பிளாஸ்டிக் மாதிரி உருண்டுக்கிச்சுன்னா அது பட்டு இல்ல. சரிகையைச் சுரண்டினா உள்ள செவப்பு நூல் தெரியணும். தெரியலைன்னா நாலே கட்டுல பல்லை இளிச்சிடும்."

ஊரில் எல்லோரும் கரைத்துக் குடித்திருக்கிற பாடம் இது. சரிகையைச் சோதித்துச் சொல்ல மெஷின் இருக்கிறது. அரசாங்கத்தின் சரிகை நிறுவனமே காஞ்சிபுரத்தில் இருக்கிறது. 2004-ல் மத்திய பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' வந்தது. 2005-06-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் வந்தாச்சு. ஒரு புடவை வாங்க இத்தனை பந்தோபஸ்து!

அப்பேர்ப்பட்ட பெரியப்பாவிடம், "எந்த டாக்டர்கிட்ட போறதா உத்தேசம்?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் இருக்காரு. கைராசிக்காரர். ரேட்டும் கம்மி."

"அவ்வளவுதானா?"

"பல்லுதானடா, பிடுங்கிப் போடறதுக்கு என்ன?"

எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. காரணம், நான் படித்திருந்த ஒரு செய்தி. அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். தமாஷ் இல்லாத கதை, பொறுத்துக் கொள்ளுங்கள்.

காஞ்சிக்கு வடக்கே ஓடுகிறதே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை, அதில் மேற்கே போனால் வாலாஜா, வேலூர், ஆம்பூர் தாண்டி வாணியம்பாடி. 2022-23ல் அந்த வட்டாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, முகம் ஒரு பக்கம் இழுத்துக் கொள்வது, பேச்சு குழறுவது என்று வந்தது. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் மூளையைத் தாக்கியிருந்த கிருமியைக் கண்டுபிடித்தார்கள். மெலியாய்டோசிஸ் என்று வியாதிக்குப் பெயர். சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கிற கிருமி அது. சர்க்கரை வியாதிக்காரர்களை விசேஷமாகத் தேடிப் பிடிக்கும்.

சி.எம்.சி.யும், தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும், தமிழக பொது சுகாதாரத் துறையும் சேர்ந்து துருவினார்கள். மொத்தம் 21 பேர். அதில் 10 பேரை ஒரே நூல் கட்டியிருந்தது: வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கோடு அவர்களுக்குத் தொடர்பு இருந்தது. அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்து போனார்கள்.

எப்படி? வாயைக் கழுவுகிற சலைன் பாட்டில். அதைத் திறக்க, சுத்தம் செய்யப்படாத ஒரு பல் ஆபரேஷன் கருவியை உபயோகித்திருக்கிறார்கள். மிச்சத்தைக் கொட்டாமல், வாயைப் பஞ்சால் அடைத்து, மறுபடி மறுபடி எடுத்திருக்கிறார்கள். உபயோகத்தில் இருந்த ஒரு பாட்டிலுக்குள்ளேயே அந்தக் கிருமி இருந்தது. 2025-ல் இந்த ஆராய்ச்சி மருத்துவப் பத்திரிகையில் வெளியாகி, செய்தித்தாள்களிலும் வந்தது.

ஒரு சலைன் பாட்டில் என்ன விலை? ஹோட்டலில் ஒரு மசால் தோசை விலைகூட வராது. நான் பி.காம். படித்தவன். லாப நஷ்டக் கணக்கு போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மிச்சத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பெரியப்பாவிடம் சொன்னேன். "நான் செத்தா போயிடுவேன்?" என்றார். பெரியம்மா முறைத்தாள். பெரியப்பாவுக்குப் பதினாலு வருஷமாகச் சர்க்கரை. அது பெரியம்மாவுக்கு ஞாபகம் இருந்தது.

மூன்று பேருமாகக் கிளம்பினோம். பஸ்ஸில் பெரியம்மாவுக்கு டிக்கெட் இல்லை, பெரியப்பாவுக்கும் எனக்கும் உண்டு. "பல்லு வலிக்கிறதுக்கும் சேர்த்து எங்கிட்டதான் காசு வாங்குறான்" என்று பெரியப்பா முனகினார்.

முதலில் கைராசிக்காரர். (பெயர் வேண்டாம். இடமும் வேண்டாம்.) வெளியே நல்ல கூட்டம். உள்ளே ஒருவர் எழுந்து வந்த அடுத்த நிமிஷமே இன்னொருவர் போனார். "பார்த்தியா, என்ன ஸ்பீடு!" என்றார் பெரியப்பா பெருமையாக. கதவு பாதி திறந்திருந்தது. ஒரு பையன் டிரேயைக் குழாயில் காட்டி, துண்டால் துடைத்து, மறுபடி மேஜையில் வைத்தான். பக்கத்தில் ஒரு சலைன் பாட்டில். அதன் தலையில் ஓர் ஊசி, கொக்கு மாதிரி நின்று கொண்டிருந்தது. பாதி காலி.

பாம்பைப் பார்த்தால்கூட எனக்கு அப்படி இருந்திருக்காது.

இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. காய்கறிக்காரியிடம் கத்தரிக்காயைக் கிள்ளிப் பார்த்து, "சொத்தையா இருக்கே" என்று சொல்கிற அதே வாய்தான். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் பூட்டிக் கொண்டது. எச்சில் விழுங்கி, பையனிடம் மெதுவாகக் கேட்டேன். "தம்பி, இதெல்லாம் எப்படி சுத்தம் பண்றீங்க?"

"டெட்டால் போட்டுத்தான் சார் கழுவறோம்."

"ஆட்டோகிளேவ்?"

"அது ரிப்பேர் சார். வந்துடும்."

பெரியப்பாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டேன். அவருக்கு வந்ததே கோபம்! "மானத்தை வாங்கிட்டியே! நாலு பேர் பார்க்க டாக்டரைக் குத்தம் கண்டுபிடிச்சிட்டு வர்றியே, நீ என்ன கலெக்டரா?" என்று தெருவிலேயே பிடித்துக் கொண்டார். வீங்கிய கன்னத்தோடு திட்டினால் பாதி வார்த்தை புரியவில்லை. அதுவும் நல்லதற்குத்தான்.

சிநேகிதன் ஒருவனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்ன இடம் ஒரு மாடிப்படி ஏறி, பத்துக்குப் பதினைந்து அறை. ஒரே நாற்காலி. ஏ.ஸி. கூட முனகிக் கொண்டுதான் ஓடியது. இளம் பெண் டாக்டர். சுவரில் இரண்டு சட்டம் மாட்டியிருந்தது. ஒன்று பல் மருத்துவப் பதிவுச் சான்றிதழ். இன்னொன்று கிளினிக்குக்கு அரசாங்கம் தருகிற பதிவு. 1997-ல் தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் வந்தது, 2018-ல் விதிகள் வந்தன. இதைத் தவிர, மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று கொடுக்கிற என்.ஏ.பி.ஹெச். பல் கிளினிக்குகளுக்கும் கொடுக்கிறது. விருப்பப்பட்டால் விண்ணப்பிக்கலாம், கட்டாயமில்லை.

அங்கே கூட்டமில்லை. ஆனாலும் காக்க வைத்தார்கள். முன்னால் போனவர் வெளியே வந்து கால் மணிக்கு மேலாச்சு. பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போனார்.

"சாரிங்க ஐயா. நாற்காலி, விளக்குக் கைப்பிடி எல்லாம் மருந்து போட்டுத் துடைக்கணும். அந்த மருந்து கொஞ்ச நேரம் ஈரமா நிக்கணும், அப்பத்தான் வேலை செய்யும்" என்றார் டாக்டர்.

முதல் கிளினிக்கில் நாங்கள் மெச்சிய ஸ்பீடு, இந்தக் கால் மணியைத் தின்றுதான் வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பத்திரிகையில் எழுதுகிறவன் என்று சொல்லிக் கொண்டு, இதையெல்லாம் கேட்கலாமா என்றேன். "கேளுங்க சார், யாரும் கேக்க மாட்டேங்கறாங்கன்னுதான் எனக்கு வருத்தமே" என்று ஒரு மூலைக்குக் கூட்டிப் போனார். ஆட்டோகிளேவ் என்கிறார்களே, அதைப் பார்த்ததும் பெரியம்மா, "அட, நம்ம குக்கர்!" என்றாள்.

"கரெக்ட்தாம்மா, தத்துவம் அதேதான். தண்ணி நூறு டிகிரியில கொதிக்கும். அதுல சாகாத கிருமி விதைங்க இருக்கு. பிரஷர் ஏத்தினா ஆவி 121 டிகிரி போகும். அதுல குறைஞ்சது கால் மணி நேரம் இருந்தா எதுவும் பிழைக்காது. ஆனா வீட்டுக் குக்கர்ல விசிலை எண்ணுவீங்க. இங்க டிகிரி, பிரஷர், நேரம் மூணும் எழுதி வைக்கணும்."

ஒரு நோட்டை நீட்டினார். கோடு போட்ட சாதாரண நாற்பது பக்க நோட்டு. தேதி, நேரம், டிகிரி, கையெழுத்து. தினசரிப் பேரேடு! பி.காம். படித்த பயனை அன்றைக்குத்தான் அடைந்தேன். ஒரு நாள்கூட விடுபடவில்லை. நடுவில் ஒரு வரி சிவப்பு மையில்: "கரண்ட் போச்சு. மறுபடி முதலிலிருந்து." என் காலேஜ் ஆடிட்டிங் வாத்தியார் பார்த்திருந்தால் கண்ணில் ஒற்றிக் கொண்டிருப்பார்.

வாரத்துக்கு ஒரு தடவை இன்னொரு பரீட்சை. சூட்டுக்கு லேசில் அசையாத ஒரு ரக கிருமியின் விதை தடவிய பட்டையை மெஷினுக்குள் வைப்பார்கள். அதுவே செத்துவிட்டால், மற்றதெல்லாம் செத்தது என்று அர்த்தம். கருவிகளைச் சுற்றும் உறையில் ஒரு கோடு இருக்கிறது, சூடு பட்டால் நிறம் மாறும். "நிறம் மாறினா மெஷினுக்குள்ள போய் வந்ததுன்னுதான் அர்த்தம். கிருமி செத்ததான்னு சொல்றது இந்த வாராந்திர டெஸ்ட்தான்" என்றார்.

பல்லைக் குடைகிற மெஷின் நிமிஷத்துக்கு மூணு லட்சம் சுற்றுச் சுற்றுமாம். நிறுத்துகிற நொடியில், வாயில் இருக்கிற எச்சிலைக் கொஞ்சம் உள்ளே உறிஞ்சிக் கொள்ளலாமாம். அதனால் வெளியே துடைத்தால் போதாது, ஒவ்வொரு ஆளுக்கும் பிறகு அதையும் ஆட்டோகிளேவில் போட வேண்டும். நாற்காலிக் குழாயில் வருகிற தண்ணீர்கூடச் சாமானியமில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாகாணம் அனாஹைம் ஊரில், 2016-ல் ஒரு குழந்தைகள் பல் கிளினிக்கில் அந்தத் தண்ணீர் வழியாகவே கிருமி போய், டஜன் கணக்கில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். ஆகவே ஏழை நாடு, பணக்கார நாடு என்ற பேச்சு இதில் செல்லாது. பெரிய கிளினிக், சின்ன கிளினிக் என்பதும் செல்லாது. பல் பிடுங்கின இடத்தைக் கழுவ, குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. புதுசாகத் திறந்த சலைன்தான்.

"சரிம்மா, பிடுங்கிடு" என்று பெரியப்பா நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார்.

டாக்டர் வாயைப் பார்ப்பதற்கு முன்னால் விரலைப் பிடித்தார். ஒரு குத்து. சர்க்கரை 342!

"ஐயா, இன்னைக்குப் பிடுங்க மாட்டேன்."

"என்னாது?"

"இவ்வளவு சர்க்கரையில பிடுங்கினா புண்ணு ஆறாது, சீழ் பிடிக்கும். வீக்கத்துக்கு மாத்திரை தர்றேன். சர்க்கரை டாக்டரைப் பார்த்து, குறைச்சிட்டு வாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா? சாப்பிட்டா நீங்களா நிறுத்தக் கூடாது, அந்த டாக்டரைக் கேட்டுத்தான்."

பெரியப்பாவுக்கு உலகமே வெறுத்துவிட்டது. வழி முழுக்க எனக்கு அர்ச்சனை. "ஒருத்தன் பிடுங்கறேன்னு சொன்னான், நீ விடலை. இவ பிடுங்க மாட்டேங்கறா, கூட்டிட்டு வந்தவன் நீ!" காசு வந்தால் போதும் என்று பல்லில் கை வைக்காமல், வந்த வருமானத்தைத் திருப்பி அனுப்பிய டாக்டரை அவர் பார்த்ததில்லை. உள்ளதைச் சொன்னால், நானும் பார்த்ததில்லை.

அடுத்த பத்து நாள் பெரியம்மாவின் ராஜ்யம். முசரவாக்கத்தில் டீயில் சர்க்கரை போடுகிறவர்களுக்கெல்லாம் தாக்கீது போனதாகக் கேள்வி. பதினோராம் நாள் சர்க்கரை 168.

டாக்டர் எங்கள் கண் முன்னால் உறையைக் கிழித்தார். புது ஊசி. புது சலைன் பாட்டில். மூடியைத் திறக்கப் போனவரைப் பெரியப்பா கை நீட்டி நிறுத்தினார். பாட்டிலை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தேதி பார்த்தார். மூடியைச் சுற்றி விரலால் தடவினார். முப்பத்தைந்து வருஷம் சரிகை பார்த்த விரல்.

"பிரிக்காததுதான்" என்று தீர்ப்புச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். டாக்டர் சிரிக்கவில்லை. "தேங்க்ஸ்ங்க ஐயா" என்றார்.

பல் வந்துவிட்டது. பெரியப்பா பஞ்சைக் கடித்துக் கொண்டே ஜாடையில் கை நீட்டினார். பெரியம்மா மொழிபெயர்த்தாள். "பல்லைக் கேக்கறாரும்மா. கூரை மேல போடணுமாம்."

"அது பால் பல்லுக்குத்தாம்மா! இது மஞ்சள் பைக்குப் போகணும்." ரத்தம் பட்ட பஞ்சு, உடம்பிலிருந்து எடுத்தது எல்லாம் மஞ்சள் பை, ஊசி, பிளேடு மட்டும் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பா. 2016 மருத்துவக் கழிவு விதிகளில் கலர் கலராகச் சொல்லியிருக்கிறது. மிச்ச சலைனை டாக்டர் வாஷ் பேஸினில் ஊற்றினார். பாதிக்கு மேல் இருந்தது. எல்லாம் வீணாகப் போகிறதே என்று என் பி.காம். மனசு ஒரு நொடி துடித்தது. அப்புறம் வாணியம்பாடி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பில் கைராசிக்காரர் ரேட்டைவிட இருநூறு ரூபாய் அதிகம். பெரியப்பாவுக்கும் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. வாயில் பஞ்சு இருந்ததால் என்று நினைத்தேன்.

மறு வாரம் பார்க்கப் போனபோது, பக்கத்து வீட்டு அம்மா மகள் கல்யாணப் புடவையை விரித்துக் காட்டிக் கொண்டிருந்தார்கள். பெரியப்பா முந்தானையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புடவையைத் திருப்பிப் போட்டு, பார்டரும் உடலும் சேருகிற கோர்வையை உள்பக்கம் பார்த்தார். பார்டருக்குத் தனி ஊடை, உடலுக்குத் தனி ஊடை விட்டு நெய்து கோர்க்கிற இடம் அது. கோர்வை சரியாக இருந்தால் புடவை நைந்தாலும் பார்டர் கழலாது என்பார்கள்.

"வெளிப்பக்கம் எவன் வேணா மினுக்கலாம். தரத்தை உள்பக்கம்தான் பார்க்கணும்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணு நோட்டு எழுதுதே, அதான்டா கோர்வை."

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருங்க, எந்தப் பொண்ணு?" என்றார்கள்.

"பல்லு டாக்டரு. உனக்கு வலிச்சா சொல்லு, அட்ரஸ் தர்றேன். போனதும் முதல்ல குக்கரைக் காட்டச் சொல்லு. அப்புறம் சலைன் பாட்டில். மூடி பிரிச்சிருந்தா எழுந்து வந்துடு. வெக்கப்படாத!"

"டாக்டரைப் போய் எப்படிங்க கேக்கறது?"

"கத்தரிக்காயைக் கிள்ளிப் பாக்கறியே, எப்படி?" என்றார் பெரியப்பா.

நான் சொல்ல வேண்டிய வசனம் அது. பரவாயில்லை, வைத்துக் கொள்ளட்டும். பல்லைக் கொடுத்து வாங்கியவர் அவர்தானே!